சேர்வராயன் மலை ரிப்பீட்டர்: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறியும் முறை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒரு ஃபியூஸை மறந்துவிட்டு மேலே சென்றால், அதை எடுத்துவர அவ்வளவையும் இறங்கி மீண்டும் ஏற வேண்டும். பழைய ஹாம் ரிப்பீட்டர் ஒன்றை (அமெச்சூர் வானொலியாளர்களான ஹாம்களின் மெல்லிய சிக்னலை ஓர் அதிர்வெண்ணில் வாங்கி, அதே நேரத்தில் இன்னொன்றில் வலுவாகத் திருப்பி அனுப்பும் கருவி) மலைமேல் வைத்துப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு: இத்தகைய கருவியின் பழுதில் பெரும்பகுதியைச் சமவெளியில் உட்கார்ந்தபடி காதாலேயே கண்டறிந்துவிடலாம், மேலே சென்றபின் அளந்து பார்க்காமல் எந்தத் திருகையும் தொடக் கூடாது. கீழ்வரும் வழிமுறை, காதில் விழும் அறிகுறியிலிருந்து தொடங்கி, பழுது இருக்கும் இடத்தை நோக்கிச் செல்கிறது.

இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் அமைப்பு நம் பகுதியில் வழக்கமானதுதான். வாகனத்தில் பொருத்துவதற்காகச் செய்யப்பட்ட இரண்டு பழைய எஃப்.எம். செட்டுகளில் ஒன்று ரிசீவராகவும் மற்றது 25 வாட் டிரான்ஸ்மிட்டராகவும் மாற்றப்பட்டுள்ளன. நடுவில் இரண்டையும் இயக்கும் ஒரு கன்ட்ரோலர், ஆறு கேவிட்டிகள் (ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு ட்யூன் செய்த உலோகக் குழல்கள்) கொண்ட டூப்ளெக்ஸர் (ஒரே ஆண்டெனாவில் அனுப்பவும் பெறவும் உதவும் வடிகட்டி), கோபுரத்தில் ஒரே ஒரு ஆண்டெனா, கீழே 12 வோல்ட் டியூபுலர் பேட்டரியும் சார்ஜரும். இந்தியாவில் ஹாம்களுக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் உண்டு. அதற்குள் உள்வரும் அதிர்வெண்ணுக்கும் வெளிச்செல்லும் அதிர்வெண்ணுக்கும் இடையே 600 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே இடைவெளி வைக்கிறோம். விளக்கத்துக்காக உள்வருவதை 145.0 என்றும் வெளிச்செல்வதை 145.6 என்றும் கொள்கிறேன். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர், சேலம் நகரம் சுமார் 280 மீட்டர். இந்த உயர வேறுபாடு வானொலிக் கண்ணுக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொடுவானத்தைத் தருகிறது. மலையின் குளிர், மூடுபனி, இடி ஆகியவை பழுதுகளையும் தருகின்றன.

மலையேறும் முன்

முதலில் வீட்டிலிருந்தே மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். பொத்தானை அழுத்தி விட்டவுடன் ரிப்பீட்டரின் கேரியர் (குரலைச் சுமக்கும் அலை) சில நொடிகள் நீடிக்கிறதா? அது நீடிக்கும்போது உங்கள் சிக்னல் மீட்டர் வழக்கமான அளவைக் காட்டுகிறதா? ஆத்தூரிலோ மேட்டூரிலோ இருக்கும் இன்னொரு நிலையத்துக்கும் இதே நிலைதானா? இவற்றோடு, பழுது எப்போது தோன்றியது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மழைக்குப் பின்னர் வந்ததா, மின்தடைக்குப் பின்னர் வந்ததா, நண்பகலில் வந்து மாலையில் மறைகிறதா, காற்றடிக்கும்போது மட்டும் தோன்றுகிறதா என்ற தகவல், எந்த மீட்டரும் தராத துப்பைத் தரும். சோதனைக்காக ஒலிபரப்பும் ஒவ்வொரு முறையும் அழைப்புக்குறியைச் சொல்லிவிடுங்கள். உரிமம் பெற்றவர் மட்டுமே பொத்தானை அழுத்த வேண்டும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: 50 ஓம் டம்மி லோடு (ஆண்டெனாவுக்குப் பதிலாகத் திறனை ஏற்கும் தடை), வாட் மீட்டர், மல்டிமீட்டர், சிறிய ஆண்டெனா அனலைசர், சிக்னல் ஜெனரேட்டர், 12 வோல்ட்டில் இயங்கும் சால்டரிங் அயர்ன், மாற்று ஃபியூஸ்கள், என்-வகை கனெக்டர்கள், தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், டிஸ்டில்டு வாட்டர், ஹைட்ரோமீட்டர். மூடுபனியில் கொண்டுவந்த அளவுகருவியை உடனே இயக்காமல், அறைக்குள் அரை மணி நேரம் வைத்து ஈரம் காய்ந்தபின் இயக்க வேண்டும்.

அறிகுறி: முற்றிலும் மௌனம்

எவ்வளவு அழைத்தாலும் கேரியர் எழவில்லை என்றால் எல்லோரும் டிரான்ஸ்மிட்டரைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். நான் பார்த்தவரையில் குற்றவாளி பெரும்பாலும் மின்வழங்கல்தான்.

மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்துப் பார்ப்பது போதாது. டிரான்ஸ்மிட்டர் இயங்கும்போது செட்டின் மின்முனையிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். 25 வாட் செட் 6 முதல் 7 ஆம்பியர் வரை இழுக்கும். பச்சை பூத்த ஃபியூஸ் ஹோல்டரில் 0.1 ஓம் தடை இருந்தாலே அங்கு 0.7 வோல்ட் தொலைந்துவிடும். ஆகவே மின்னோட்டம் ஓடும்போது, பேட்டரி முனையிலிருந்து செட் வரை ஒவ்வொரு இணைப்பின் இருபுறமும் மீட்டர் முனைகளை வைத்து மின்னழுத்த இழப்பை அளந்துகொண்டே வாருங்கள். எந்த இணைப்பில் எண் திடீரென்று உயர்கிறதோ, அதைக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும்.

பேட்டரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் இதை நாங்களே தாமதமாகத்தான் உணர்ந்தோம். 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிக்கு 25 பாகை செல்சியஸில் 13.6 வோல்ட் அளவில் மிதவை மின்னழுத்தம் (நிறைந்த பேட்டரிக்குச் சார்ஜர் தொடர்ந்து தரும் அழுத்தம்) தரலாம் என்றால், வெப்பம் ஒரு பாகை குறையும்போது செல் ஒன்றுக்குச் சுமார் 3 மில்லிவோல்ட் வீதம், ஆறு செல்களுக்கு 18 மில்லிவோல்ட் கூட்ட வேண்டும். சேலத்தின் 35 பாகைக்கு ஏற்பச் சரிசெய்த சார்ஜரை ஏற்காட்டின் 15 பாகைக் குளிரில் வைத்தால், அது ஏறத்தாழ 0.36 வோல்ட் குறைவாகத் தந்துகொண்டிருக்கும். பேட்டரி ஒருபோதும் நிறையாது. தகடுகளில் சல்ஃபேட் படியும். இரண்டு ஆண்டில் சாகும். பேட்டரி மட்டமானது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டபின்தான் சார்ஜரை அங்கேயே, அந்தக் குளிரிலேயே சரிசெய்ய வேண்டும் என்று எங்களுக்குப் புரிந்தது. ஆறு செல்களின் ஒப்படர்த்தியையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். ஐந்து செல்கள் ஒன்றுபோல் இருந்து ஒன்று மட்டும் பின்தங்கினால், அந்தப் பேட்டரியை எந்தச் சார்ஜரும் மீட்காது.

மின்வழங்கல் சரியாக இருந்தும் மௌனம் நீடித்தால், கன்ட்ரோலரில் உள்ள கைச்சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கேரியர் எழுந்தால் டிரான்ஸ்மிட்டர் நலம். ரிசீவர் கன்ட்ரோலருக்கு அனுப்பும் அறிவிப்பு மின்னழுத்தத்தில் அல்லது ரிலேயில் பழுது. இங்கு பலரை ஏமாற்றும் ஒரு நிலை உண்டு. கன்ட்ரோலரில் மூன்று நிமிட நேரக்கட்டுப்பாடு வைத்திருப்போம். உள்வரும் அதிர்வெண்ணில் ஓயாத இரைச்சல் ஒன்று ஸ்குவெல்சை (சிக்னல் இல்லாதபோது ரிசீவரின் ஒலியை அடைத்து வைக்கும் சுற்று) திறந்தபடியே வைத்திருந்தால், மூன்று நிமிடத்தில் கன்ட்ரோலர் டிரான்ஸ்மிட்டரை நிறுத்திவிடும். இரைச்சல் ஓயும்வரை மீண்டும் விடாது. வெளியில் இருப்பவருக்கு ரிப்பீட்டர் செத்ததாகத் தோன்றும். உண்மையில் ரிசீவர் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அறைக்குள் நுழைந்ததும், எதையும் அணைக்கும் முன், ரிசீவரின் ஸ்குவெல்ச் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். அணைத்துப் போட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

அறிகுறி: நமக்கு நன்றாகக் கேட்கிறது, அதற்குத்தான் நம்மைக் கேட்கவில்லை

பழைய ரிப்பீட்டரின் பெருநோய் இதுதான்; இதற்கே அதிக இடம் தருகிறேன். ஓமலூரிலிருந்து கையடக்கக் கருவியில் பேசியவர் முன்பு தெளிவாகக் கேட்டார், இப்போது அவர் ரிப்பீட்டரை எழுப்புகிறார், எழுப்பியவுடன் அவர் குரல் இரைச்சலில் மூழ்குகிறது, கேரியர் படபடவென்று எழுந்து விழுகிறது. டிரான்ஸ்மிட்டர் இயங்கத் தொடங்கியதும் ரிசீவர் செவிடாகிறது என்பதே இதன் பொருள். இதை டீசென்ஸ் என்கிறோம்.

ஒரே ஆண்டெனாவில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 25 வாட் என்பது 44 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு). ரிசீவர் கேட்க வேண்டிய 0.25 மைக்ரோவோல்ட் என்பது மைனஸ் 119 டிபிஎம். இரண்டுக்கும் இடையே 163 டெசிபல் வேறுபாடு, அதிர்வெண்ணில் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. டூப்ளெக்ஸர் இரண்டு காவல்களைச் செய்கிறது: 145.6-இன் வலிய கேரியர் ரிசீவரின் முன்பகுதியைத் திணறடிக்காமல் தடுக்கிறது, டிரான்ஸ்மிட்டர் 145.0-இல் சிந்தும் அகன்ற இரைச்சலையும் வடிகட்டுகிறது. முதல் காவல் ரிசீவர் பக்கத்துக் கேவிட்டிகளுடையது, இரண்டாவது டிரான்ஸ்மிட்டர் பக்கத்துக் கேவிட்டிகளுடையது. எந்தக் காவல் தளர்ந்தாலும் அறிகுறி ஒன்றே.

சோதனையை இந்த வரிசையில் செய்யுங்கள். டிரான்ஸ்மிட்டரின் இயக்கத்தைத் துண்டித்து, ஆண்டெனா இருக்கும் இடத்தில் டம்மி லோடைப் பொருத்தி, அந்த இணைப்பில் ஒரு டி-கனெக்டர் வழியாக மெல்லிய சிக்னலைத் தாருங்கள். அந்த டி-கனெக்டரின் பக்கக் கிளையில் நடு ஊசி தொடாமல் வெட்டப்பட்டிருக்க வேண்டும்; சிக்னல் தளர்வாகவே கடத்தப்பட வேண்டும். நேராக இணைத்தால் 25 வாட் திரும்பிப் பாய்ந்து ஜெனரேட்டரை எரித்துவிடும். ரிசீவரில் குரல் பாதி இரைச்சலோடு கேட்கும் அளவுக்குச் சிக்னலைக் குறைத்து, அந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டிரான்ஸ்மிட்டரை இயக்குங்கள். கேட்பதில் எந்த மாற்றமும் இல்லையென்றால் அறைக்குள் இருப்பவை எல்லாம் நலம். பழுது வெளியே, அதாவது கேபிளில், ஆண்டெனாவில் அல்லது கோபுரத்தில் இருக்கிறது. இரைச்சல் ஏறினால், பழைய தெளிவைப் பெற எத்தனை டெசிபல் கூட்ட வேண்டியிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். 1 டெசிபலைப் பொருட்படுத்த வேண்டாம். 6 டெசிபல் ஆனால் கையடக்கக் கருவிகளை இழந்துவிட்டோம் என்று பொருள்.

வெளியே பழுது என்றால், அது நிலையானதா, காற்றோடு வந்து போவதா என்று கவனியுங்கள். காற்றடிக்கும்போது கறகறக்கும் டீசென்ஸ் ஏறத்தாழ எப்போதும் துருப்பிடித்த உலோகத் தொடுமுனையிலிருந்து பிறக்கிறது: இழுகம்பியின் கிளாம்ப், கோபுரத்தின் தளர்ந்த போல்ட், ஆண்டெனாவின் தாங்கி. துருவேறிய தொடுமுனை ஒரு மோசமான டையோடுபோல் நடந்துகொண்டு, வலிய கேரியரை இரைச்சலாகச் சிதறடிக்கிறது. எங்கள் அனுபவத்தில் இதே குற்றத்தை ஃபீடர் கேபிளும் செய்தது. இழப்பு குறைவு என்பதற்காக, அலுமினியத் தகட்டின் மேல் வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னல் சுற்றிய கேபிள் ஒன்றை 30 மீட்டர் வாங்கி ஏற்றினோம். எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் திறனில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) அருமையாக இருந்தது, சாதாரண நிலையத்துக்கு அது நல்ல கேபிள்தான். ஆனால் ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் வேண்டிய ரிப்பீட்டரில், தகடும் பின்னலும் உரசும் ஒவ்வொரு புள்ளியும் இரைச்சலை உண்டாக்கியது. ஒரு முழு ஆடிக்காற்றுக் காலமும் டூப்ளெக்ஸரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரே துண்டான செம்பு உறை கொண்ட அரை அங்குல நெளிவுக் குழாய்க் கேபிளை மாற்றிய அன்றே குறை தீர்ந்தது. டூப்ளெக்ஸரையும் செட்டுகளையும் இணைக்கும் குட்டைக் கேபிள்களுக்கும் வெள்ளி பூசிய இரட்டைப் பின்னல் வகையே வேண்டும். கேவிட்டிகளுக்கு இடையேயுள்ள கேபிள்களின் நீளம் கணக்கிட்டு வெட்டப்பட்டது. கனெக்டர் கெட்டால் ஒரு அங்குலம் வெட்டிவிட்டு வேறு கனெக்டர் போடலாம் என்று நினைக்கக் கூடாது.

உள்ளேதான் பழுது என்றால், டிரான்ஸ்மிட்டரின் திறனைப் பாதியாக்கிப் பாருங்கள். டீசென்ஸும் அதற்கேற்ப மெல்லக் குறைந்தால் டூப்ளெக்ஸரைச் சந்தேகிக்கலாம். ஒரு குறிப்பிட்ட திறனுக்குக் கீழே சட்டென்று மறைந்துபோனால், டிரான்ஸ்மிட்டரின் இறுதிப் பகுதி நிலைகுலைந்து தானாகவே அலைந்து வீணான அலைகளைச் சிந்துகிறது என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

டூப்ளெக்ஸரின் திருகுகளுக்குக் கடைசியில்தான் வர வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றிப் பார்த்து, நடு ஊசி பின்வாங்கியிருக்கிறதா, வெள்ளிப் பூச்சு கறுத்திருக்கிறதா என்று பார்த்து, ஆல்கஹாலால் துடைத்து மீண்டும் முறுக்குங்கள். அதன்பின்னும் குறை இருந்தால் மட்டும் ட்யூனிங். கேவிட்டியின் நடுத்தண்டு வெப்பத்தால் நீண்டால் அதன் அதிர்வெண் நகரும். செம்புத் தண்டாக இருந்தால் 20 பாகை வேறுபாட்டுக்கு 145 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 49 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். இன்வார் என்ற நிக்கல்-இரும்புக் கலவையில் அதுவே 3 அல்லது 4 கிலோஹெர்ட்ஸ்தான். இந்தக் கலவையைக் கண்டறிந்த ஷார்ல் எதுவார் கியோமுக்கு 1920-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மலைமேல் ரிப்பீட்டர் வைத்திருப்பவர் அந்தப் பரிசின் நியாயத்தை நன்றாகவே உணர்வார். உங்கள் கேவிட்டியில் எந்தத் தண்டு இருக்கிறது என்று தெரியாவிட்டால், சேலத்து மேசையில் ட்யூன் செய்து மேலே கொண்டுபோகாமல், ஓர் இரவு மலையிலேயே குளிரவிட்டு அங்கேயே செய்யுங்கள்.

இன்று மலிவாகக் கிடைக்கும் நானோ விஎன்ஏ (வடிகட்டி எந்த அதிர்வெண்ணை எவ்வளவு விடுகிறது என்று வரைந்து காட்டும் சிறு அளவுகருவி) இதற்கு உதவும், ஆனால் அதன் எல்லையை அறிந்து பயன்படுத்த வேண்டும். ஒட்டுமொத்த டூப்ளெக்ஸரின் 80, 90 டெசிபல் பள்ளத்தை (தடுக்க வேண்டிய அதிர்வெண்ணில் அது தரும் இழப்பை) அதனால் நம்பகமாகக் காட்ட முடியாது. தனி ஒரு கேவிட்டியின் 30 டெசிபல் பள்ளத்தை நன்றாகக் காட்டும். ஆகவே ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்து, திருகின் பழைய நிலையைப் பெயின்ட் புள்ளியால் குறித்து, ஒன்றை முடித்து எழுதியபின் அடுத்ததைத் தொடுங்கள். ஒருமுறை அவசரத்தில் நான் குறிக்காமல் ஒரே நாளில் நான்கு தண்டுகளைத் திருப்பினேன்; பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு மலைப்பயணங்கள் ஆயின.

அறிகுறி: ரிப்பீட்டரின் ஒலி எங்கும் வலுவிழந்தது

வாட் மீட்டரை மூன்று இடங்களில் வையுங்கள்: டிரான்ஸ்மிட்டரின் வாயில், டூப்ளெக்ஸரின் ஆண்டெனா வாயில், பிறகு ஆண்டெனாவிலிருந்து திரும்பிவரும் திறன். 1.5 டெசிபல் இழப்புள்ள டூப்ளெக்ஸரில் 25 வாட் நுழைந்தால் 17 அல்லது 18 வாட் வெளிவர வேண்டும். அதைவிட மிகக் குறைந்தால் பழுது டூப்ளெக்ஸருக்குள். அது சரியாக இருந்து, திரும்பிவரும் திறன் மட்டும் உயர்ந்திருந்தால் ஆண்டெனாவையும் அதன் கனெக்டரையும் பாருங்கள், எஸ்.டபிள்யூ.ஆர். 1.5 என்றால் திரும்புவது 4 விழுக்காடு, 3 என்றால் 25 விழுக்காடு.

அழகான எஸ்.டபிள்யூ.ஆர். எண்ணைக் கண்டு மட்டும் அமைதியடைந்துவிட வேண்டாம். நீர் புகுந்த கேபிள், போகும் திறனையும் தின்று, திரும்பும் திறனையும் தின்று, கீழே இருப்பவருக்கு நல்ல எண்ணையே காட்டும். இதை வெளிக்கொணர எளிய வழி உண்டு. டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட்டு, மேல்முனையில் ஆண்டெனாவைப் பிரித்துத் திறந்தபடி விட்டு, கீழிருந்து அனலைசரால் அளந்து பாருங்கள். 30 மீட்டர் நல்ல நெளிவுக் குழாய்க் கேபிள் 10-ஐ ஒட்டிய, மிக மோசமான எஸ்.டபிள்யூ.ஆர். காட்ட வேண்டும். அது 2 என்று காட்டினால் கேபிளுக்குள் ஒருவழி இழப்பு 5 டெசிபலை நெருங்கிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு திறன்தான் மேலே போய்ச் சேருகிறது.

நீர் பெரும்பாலும் மேல் கனெக்டரில் நுழைகிறது. சேர்வராயனில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு, இரண்டுக்கும் நடுவே மூடுபனி உண்டு. கனெக்டர் காய்வதற்கு நாள் குறைவு. ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போதுதான் ஓடு வேய்ந்ததுபோல் மேல்சுற்று கீழ்ச்சுற்றை மூடி நீரை வழியவிடும். அதன்மேல் வெயில் தாங்கும் கறுப்பு டேப் ஒரு சுற்று. அறைக்குள் நுழையும் முன் கேபிள் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும். அந்த வளைவின் அடியில் நீர் சொட்டிவிடும். கோபுரம் ஏறும் முன் மலைத்தேனீக் கூடு இருக்கிறதா என்று கீழிருந்தே நன்றாகப் பாருங்கள். இருந்தால் அன்று ஏற வேண்டாம். ஏறுபவர் இடுப்பு வார் இன்றியும், கீழே ஒரு துணை இன்றியும் ஏறக் கூடாது.

அறிகுறி: யாரும் பேசாமலே கேரியர் எழுகிறது, விழ மறுக்கிறது

மலையுச்சியில் நாம் மட்டும் இல்லை. பக்கத்துக் கோபுரங்களில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் ஒரே நேரத்தில் இயங்கும்போது, அவற்றின் அதிர்வெண்கள் கலந்து மூன்றாவதாக ஒன்று பிறக்கலாம். ஒன்று 150.2, மற்றொன்று 155.4 என்று வையுங்கள்: முதலாவதன் இரு மடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 145.0, அதாவது நம் வாசல். அந்தக் குறுக்கீட்டில் இரு தரப்பின் பேச்சும் கலந்து கேட்கும். அது பெரிய துப்பு. ரிசீவரின் வாயில் ஓர் அட்டெனுவேட்டரைப் பொருத்தி 3 டெசிபல் குறையுங்கள். குறுக்கீடும் 3 டெசிபல் மட்டும் குறைந்தால் கலப்பு வெளியே எங்கோ நடக்கிறது. 9 டெசிபல் அளவுக்குக் குறைந்தால் நம் ரிசீவருக்குள்ளேயே நடக்கிறது, கூடுதலாக ஒரு கேவிட்டி வைத்தால் தீரும்.

பேச்சே இல்லாத வெறும் கறகறப்பு, மூடுபனி இரவுகளில் மட்டும் வந்தால் ஈரமேறிய மின்கம்பி இன்சுலேட்டர்களையும், நாள்முழுதும் சீராக இருந்தால் அருகிலுள்ள மலிவான சார்ஜர்களையும் எல்இடி விளக்குகளையும் தேடுங்கள். பேட்டரியில் ஓடும் சிறு ரேடியோவை ஏ.எம். அலைவரிசையில் வைத்துக்கொண்டு நடந்தாலே மூலம் அகப்படும்.

உடனே டோன் (பேச்சோடு சேர்த்து அனுப்பும் தாழ்ந்த அடையாள ஒலி) போட்டுவிடலாம் என்று பலர் சொல்வார்கள். 88.5 அல்லது 123 ஹெர்ட்ஸ் போன்ற டோன் இருந்தால்தான் ரிப்பீட்டர் திறக்கும் என்று வைத்தால், வீணாக எழுவது நிற்கும் என்பது உண்மை. ஆனால் இரைச்சல் அங்கேயேதான் இருக்கும். மெல்லிய சிக்னல்களை முன்போலவே மூழ்கடிக்கும். ஆகவே மூலத்தைக் கண்டறிந்தபின் டோன் வையுங்கள், கண்டறியும் முன் வைத்தால் தேடும் ஊக்கமே போய்விடும்.

அறிகுறி: பேச்சோடு உறுமல்

சார்ஜரை அணைத்து, பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைத் திருத்தியபின் எஞ்சும் 100 ஹெர்ட்ஸ் அலை, சார்ஜரின் உலர்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வழியாகக் கசிகிறது. இருபது வயதான கெப்பாசிட்டர் புடைக்காவிட்டாலும் உள்ளே காய்ந்திருக்கும். 105 பாகை வகையாக, முனை பார்த்து மாற்றுங்கள். அணைத்தும் நிற்கவில்லையென்றால் கன்ட்ரோலரின் ஒலிப்பாதையில் இருக்கும் சிறு கெப்பாசிட்டர்களையும், இரு வேறு இடங்களில் தரையிடப்பட்ட ஒலிக் கேபிளின் உறையையும் பாருங்கள்.

அறிகுறி: குரல் கரகரக்கிறது அல்லது முனை மழுங்குகிறது

பழைய கிரிஸ்டல் செட்டுகள் ஆண்டுதோறும் மெல்ல நகர்கின்றன. 145 மெகாஹெர்ட்ஸில் மில்லியனுக்கு 5 பங்கு என்பது 725 ஹெர்ட்ஸ். ரிசீவரும் டிரான்ஸ்மிட்டரும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்திருந்தால் எல்லோருடைய குரலிலும் உச்சங்கள் வெட்டுப்படும். ஒருவர் குரல் மட்டும் கெட்டிருந்தால் பழுது அவரிடம். அதிர்வெண்ணைச் சரிசெய்தபின் டீவியேஷனை (பேச்சுக்கேற்ப அதிர்வெண் இருபுறமும் விலகும் அளவு) 5 கிலோஹெர்ட்ஸுக்கு மிகாமலும், டோனின் டீவியேஷனை 500 முதல் 700 ஹெர்ட்ஸ் வரையிலும் வையுங்கள். சரிசெய்யும் சிறு ப்ரீசெட்டுகளில் தூசி படிந்திருந்தால், பழைய நிலையைக் குறித்துக்கொண்டு இரு பக்கமும் சில முறை சுழற்றி மீட்டாலே பல நேரம் கரகரப்பு போய்விடும்.

அறிகுறி: நண்பகலில் இறந்து மாலையில் உயிர்க்கிறது

வாகன செட்டுகள் இடைவிடாமல் பேசுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மின்விசிறி நின்றிருக்கும், அல்லது சூட்டில் விரியும் ஒரு சால்டர் இணைப்பில் கண்ணுக்குத் தெரியாத வளைய விரிசல் இருக்கும். விசிறியை மாற்றி, இறுதிப் பகுதியின் பெரிய இணைப்புகளுக்கு மீண்டும் சால்டர் போட்டு, திறனை 25-இலிருந்து 15 வாட்டாகக் குறைத்துவிடுங்கள். குறைவு 2.2 டெசிபல்தான், எதிர்முனையில் யாரும் கவனிக்க மாட்டார்கள். பெட்டியின் துளைகளுக்கு மெல்லிய கம்பி வலை போடுங்கள். எறும்புகள் ரிலே தொடுமுனைக்குள் நசுங்கிக் கிடந்ததையும், பல்லி ஒன்று ஃபியூஸ் கட்டையில் கருகிக் கிடந்ததையும் கண்டிருக்கிறேன்.

அறிகுறி: இடிக்குப் பின் வலிய சிக்னல் மட்டும் கேட்கிறது

சித்திரை, வைகாசியின் கோடை இடிமழையும் ஐப்பசி மழையும் எங்களுக்கு மிக அச்சமூட்டும் நாட்கள். நேரடியாகத் தாக்கும் மின்னல் எதையும் மிச்சம் வைக்காது. அருகில் விழுவது ரிசீவரின் முதல் டிரான்சிஸ்டரை முழுதும் கொல்லாமல் ஊனமாக்கிவிடும். சேலம் நகரத்தார் வழக்கம்போல் பேசுவார்கள். தொலைவில் இருப்பவர் காணாமல் போவார். டீசென்ஸ் என்று இதைத் தவறாக எண்ணுவது எளிது. டிரான்ஸ்மிட்டரை நிறுத்தினாலும் செவிட்டுத்தன்மை மாறாது என்பதே வேறுபாடு. சிக்னலை நேரடியாக ரிசீவரின் வாயில் தந்து 0.25 மைக்ரோவோல்ட் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் ரிசீவர் பிழைத்தது. வழியில் உள்ள வாயுக்குழல் மின்னல் தடுப்பானை மாற்றுங்கள். அது அடிபட்டபின் வெளித்தோற்றத்தில் முழுமையாகவே இருக்கும்.

எர்த் பற்றிக் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இம்மலையில் பாக்சைட்டும் பாறையும் மிகுதி. மண் எளிதில் மின்னோட்டத்தை உள்வாங்காது. கரியும் உப்பும் இட்ட ஒரே குழி மார்கழியில் நல்ல எண்ணைக் காட்டிவிட்டு, பங்குனியில் காய்ந்து பயனற்றுப்போகும். ஆகவே எர்த் தடையைக் கோடையில், மழைக்கு முன் அளந்து, 5 ஓமுக்கு மேல் இருந்தால் இடைவெளி விட்டு மேலும் குழிகளை வெட்டிச் செம்புப் பட்டையால் இணையுங்கள். அதைவிட முக்கியமானது, கோபுரத்தின் எர்த்தும் மின்வாரிய இணைப்பின் எர்த்தும் கேபிள் உறையும் அறையின் ஒரே பட்டையில் சந்திப்பது. தனித்தனியாக விட்டால், மின்னல் விழும் கணத்தில் இரண்டுக்கும் நடுவே எழும் ஆயிரக்கணக்கான வோல்ட், நம் செட்டின் வழியாகத்தான் பாதை தேடும்.

மூடிவிட்டு இறங்கும் முன்

செட்டின் மின்முனை அழுத்தம், மூன்று இடத்துத் திறன், டீசென்ஸ் அளவு, ஆறு செல்களின் ஒப்படர்த்தி, அறையின் வெப்பம் ஆகியவற்றை நாளோடு பதிவேட்டில் எழுதிவிட்டுக் கதவைப் பூட்டுங்கள். இறங்கும்போது வண்டியில் செட்டை இயக்கியே வாருங்கள். மலை மறைக்கும் வளைவுகளில் கையடக்கக் கருவியால் ரிப்பீட்டரைத் திறக்க முடிகிறதா என்று பார்ப்பது, சமவெளியின் விளிம்பில் இருப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதை அங்கேயே காட்டிவிடும். சேலம் வந்து சேர்ந்ததும், ஆத்தூர், ஓமலூர், மேட்டூர் நிலையங்களைக் குறைந்த திறனில் ஒவ்வொருவராக அழைக்கச் சொல்லி, அவர்கள் பெற்ற மீட்டர் அளவையும் அதே பதிவேட்டில் சேருங்கள். சென்ற முறையின் எண்ணோடு ஒத்துப்போனால் வேலை முடிந்தது. ஒருவருக்கு மட்டும் குறைந்திருந்தால், மறுநாள் காலை அவரிடமே மீண்டும் கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.